செல்லாக் காசின் விலை

பழங்காசு சேகரிப்பு என்பது, கடையில் நீட்டினால் ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காத காசை, ஒரு டப்பா மிட்டாய்க்கான பணம் கொடுத்து வாங்கும் பொழுதுபோக்கு. இதில் ஈடுபட்டவர்கள் தங்களை நாணயவியல் ஆர்வலர் என்று சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் வேறு பெயர்கள் வைத்திருப்பார்கள். அவை அச்சில் வருவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் தழைப்பதற்கு ஊர் வரலாறே காரணம். சேர சோழ பாண்டியர் தொடங்கி விஜயநகரத்தார், நாயக்கர், ஆற்காட்டு நவாப், டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் வரை ஆள வந்தவர்கள் அத்தனை பேரும் காசு அடித்தார்கள். இங்கே ஆளவே வராத ரோமாபுரிப் பேரரசர்களின் காசும் மிளகு வாங்க வந்து தங்கிவிட்டது. இவர்களில் பெரும்பாலோர் காசில் தங்கள் பெயரைத் தெளிவாக எழுத மறந்தார்கள். அந்த மறதியின் பலனைத்தான் சேகரிப்பாளர் இன்று பூதக்கண்ணாடியோடு அனுபவிக்கிறார்.

காசு வரும் வழிகளில் முதலாவது சொந்த வீடு. அஞ்சறைப்பெட்டி, பாட்டியின் சுருக்குப் பை, பீரோவின் அடித்தட்டு ஆகியவை முதல் வாரத்திலேயே சோதனைக்கு உள்ளாகும். அடுத்தது பூஜை அறை. அங்கே மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக்கடன் காசு இருக்கும். பிரித்துப் பார்த்தால் 1944ஆம் வருடத்து ஓரணாவாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இன்றைய பத்து ரூபாய்க் காசை வைத்து முடிந்துவிட்டால் பெருமாளுக்கு லாபம்தான் என்பது சேகரிப்பாளர் தரப்பு வாதம். கணக்குப்படி அது சரியே. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே பெருமாளுக்கு நூற்றறுபது மடங்கு கிடைக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதாக வரலாறு இல்லை.

இரண்டாவது வழி பாத்திரக் கடை. பழைய செம்பு, பித்தளையை எடைக்கு வாங்கும் கடைகளில் ஓட்டைக் குடத்தோடும் நசுங்கிய சொம்போடும் காசுகளும் வந்து சேரும். கடைக்காரருக்கு ராஜராஜனும் விக்டோரியாவும் கிலோ கணக்கு. அவருக்குத் தெரியாதது ஒன்று நமக்குத் தெரிகிறது என்ற நினைப்பே சேகரிப்பாளரை அந்தப் படியில் ஏற்றுகிறது. முகத்தில் எதையும் காட்டாமல், வேண்டா வெறுப்பாக, 'இந்தப் பழசையெல்லாம் என்ன விலைக்குத் தர்றீங்க?' என்று கேட்பது இந்தக் கலையின் பாலபாடம். அந்த முகபாவத்தைக் கடைக்காரர் பல வருடமாகப் பார்த்து வருகிறார் என்பது இரண்டாம் பாடம். அது தாமதமாகத்தான் புரியும்.

மூன்றாவது வழி ஆறு. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கியவர்களால்தான் சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியச் செப்புக்காசுகளும் வெளியே வந்தன. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த காசுகள் இலக்கியத்துக்கு உலோகச் சாட்சி ஆயின. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்திய 'பெருவழுதி' காசும் அப்படித்தான். பாண்டிய மன்னன் ஒருவனின் பெயர் ஒரு சின்னச் சதுரச் செம்பில் இருந்தது. அதற்கு முன் அந்தச் சதுரச் செம்புகளை எத்தனை பேர் உருக்கியிருப்பார்கள் என்று எண்ணாமல் இருப்பது சேகரிப்பாளரின் தூக்கத்துக்கு நல்லது.

நிலத்தடியில் கிடைப்பதற்குச் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கச் சொல்கிறது. பத்து ரூபாய் என்றதும் சிரிப்பு வரும். அந்தக் காலத்துப் பத்து ரூபாயில் நூறு கிராமுக்கு மேல் வெள்ளி இருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு நின்று வேறு உணர்ச்சி தொடங்கும்.

காசு கைக்கு வந்தபின் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசி நேரம் இதில்தான் போகிறது; மீதிக் கால்வாசி, கண்டுபிடித்தது தவறு என்று கண்டுபிடிப்பதில் போகிறது.

முதலில் உலோகம், எடை. நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் தேவை. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்ந்திருந்தால் ஓரிரு பத்தில் ஒரு கிராம் குறையும். ஒன்பது கிராம் காட்டினால் குறைந்திருப்பது வெள்ளி மட்டுமல்ல, விற்றவரின் நேர்மையும்தான். அடுத்தது காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 1947ஆம் வருடத்து, புலி போட்ட ஒரு ரூபாய் ஒட்டும். அது முழு நிக்கல். இது தெரியாமல், காந்தத்தில் ஒட்டியதால் போலி என்று நல்ல புலியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அந்தக் காலத்து வியாபாரிகள் காந்தமும் தராசும் இல்லாமல், கல்லின் மேல் காசைச் சுண்டி ஓசையைக் கேட்டே சொன்னார்கள். இன்றைய சேகரிப்பாளரும் சுண்டுகிறார்; ஓசையிலிருந்து எதுவும் தெரியாவிட்டாலும் தலையை ஆட்டிக்கொள்கிறார்.

பிறகு எழுத்து. தமிழ் மண்ணில் கிடைத்த காசில் தமிழ் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் அடிக்கடி ஏமாறுவார். புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அம்மன் காசை எடுத்துக்கொள்ளலாம். உள்ளூரில் அம்மன் சல்லி. சுண்டுவிரல் நகம் அகலமே இருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கில் எழுதியிருக்கும். நவராத்திரியில் அரிசியோடு தானம் கொடுத்த காசு இது. பிற்காலத்தில் இதை அச்சடித்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். ஆக, தமிழ் ஊரின் தெய்வம், தெலுங்கு எழுத்து, ஆங்கிலேயத் தொழிற்சாலை. இதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தூய்மைவாதம் பேசுவது கடினம்.

ராஜராஜ சோழனின் செப்புக்காசு இன்னும் பெரிய சோதனை. தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பது. ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. புத்தகத்தில் இப்படி இருக்கிறது. கையில் இருக்கும் காசிலோ, நிற்பவர் கொடியில் காயப்போட்ட சட்டையைப் போல இருப்பார். தலை எங்கே முடிந்து மலர் எங்கே தொடங்குகிறது என்று விளங்காது. அச்சு பெரிதாகவும் செம்புத் துண்டு சிறிதாகவும் இருந்ததால் எழுத்தில் பாதி காசுக்கு வெளியே விழுந்திருக்கும். போதாததற்கு, பின்னால் வந்த பராக்கிரமபாகு, லீலாவதி முதலிய இலங்கை அரசர்களும் அதே உருவத்தை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அடித்தார்கள். பாதி எழுத்து தெரியும் காசை ராஜராஜன் என்று வாங்கி, மீதி எழுத்தைப் படித்து லீலாவதி என்று தெரிந்துகொண்டவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. அரசியாரின் காசு குறைவாகத்தான் கிடைக்கிறது.

தூத்துக்குடிப் பக்கத்தில் இன்னொரு வகைக் குழப்பம் உண்டு. தெற்குக் கடற்கரையிலும் இலங்கையிலும் கிடைக்கும் ஒருவகைச் செப்புக்காசில் பெரிய ஆங்கில 'வி', அதன் இரு கைகளில் 'ஓ', 'சி' என்று பின்னிய எழுத்து இருக்கும். வ.உ.சி.க்கு அந்தக் காலத்திலேயே காசு போட்டிருக்கிறார்கள் என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. கீழே 1735 என்றோ 1790 என்றோ ஆண்டு இருக்கும். சிதம்பரனார் பிறந்தது 1872. அந்த மூன்றெழுத்து 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. அந்தக் கம்பெனி 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த ஊர் தூத்துக்குடி. அதே ஊரிலிருந்து 1906இல் வெள்ளையரின் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவருக்கும் அதே மூன்றெழுத்து முதலெழுத்தாக வாய்த்தது. வரலாறு சில சமயம் இப்படி வேண்டுமென்றே செய்வதுபோல் தோன்றும்.

ஆண்டு பொறித்திருந்தால் வேலை சுலபம் என்று நினைக்கக் கூடாது. காசு ஆண்டு விஷயத்தில் கூசாமல் பொய் சொல்லும். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். சென்னையில் கம்பெனியார் அவர் பெயரில், அவரது ஆறாம் ஆட்சியாண்டு என்று போட்டு, ஆற்காட்டு ரூபாயை 19ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் அந்தக் காசுக்குப் பழகிவிட்டார்கள். புதுப் பெயர் போட்டால் காசு மாற்றித் தரும் சராப்கள் வட்டம் என்று கழிவு பிடிப்பார்கள். ஆகவே இறந்தவரின் ஆறாம் ஆண்டு அரை நூற்றாண்டுக்கு முடியவே இல்லை.

விக்டோரியா ரூபாயிலும் இதே கூத்து. 1862 என்று பொறித்த ரூபாயை 1874 வரை அடித்தார்கள். எந்த வருடம் உண்மையில் அடித்தது என்பதை அறிய, பின்பக்கத்தில் ஆண்டுக்குக் கீழேயும் பூவுக்கு அருகேயும் உள்ள மிகச்சிறு புள்ளிகளை எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குடும்பத் தலைவர் ஜன்னலோரம் அமர்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, 'மேலே ஒண்ணு, கீழே நாலு... இல்லை, அஞ்சாவது அழுக்கா?' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தால் குடும்பம் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் 1862இல் இருக்கிறார். சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். 1876 வரை ராணி என்றும், 1877 முதல் பேரரசி என்றும் பொறித்திருக்கும். இதற்கு மட்டும் பூதக்கண்ணாடி வேண்டாம்.

சுதந்திர இந்தியக் காசுகளில் ஆண்டுக்குக் கீழே அச்சகக் குறி உண்டு. வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. எந்த அடையாளமும் போடாமலே தன்னைத் தெரியும் என்று எதிர்பார்க்கும் அந்தத் தன்னம்பிக்கை கொல்கத்தாவுக்குத்தான் வரும். சென்னைக்குக் குறி இல்லை. கம்பெனிக் காலத்தில் புகழோடு இருந்த சென்னை அச்சகத்தை 1869இல் மூடிவிட்டார்கள். தங்கசாலை இப்போது தெருவின் பெயர். அங்கே நிறைய வியாபாரம் நடக்கிறது, காசு அடிப்பதில்லை.

உருவத்தில் சிறிய காசுகளுக்குத் தனிப் பொறுமை வேண்டும். திருவிதாங்கூரின் வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட இராது. இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். 1956க்கு முன் திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் இன்றும் அகப்படும். இதை விரலால் எண்ணிக்கொண்டிருந்தால் அரசுக் கஜானா பொழுதுக்கும் எண்ணிக்கொண்டே இருக்கும் என்பதால் பலகை ஒன்று செய்தார்கள். மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சக்கரம் உட்காரும் அளவுக்குக் குழிகள். ஒரு கைப்பிடிச் சக்கரத்தை மேலே கொட்டி, பலகையை லேசாகச் சாய்த்துக் குலுக்கினால் ஒவ்வொரு குழியிலும் ஒன்று விழும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. கணக்கர் எண்ணத் தெரியாதவராக இருந்தாலும் கணக்கு சரியாக இருக்கும். இன்று அந்தப் பலகைக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கு, அதன் குழிகளை நிரப்பும் சக்கரம் அத்தனையும் வாங்கி மிச்சமும் வைக்கலாம்.

அடையாளம் காண்பதில் கற்பனைக்கும் பங்கு உண்டு என்பதற்குச் சாட்சி 1911ஆம் வருடத்து ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் ஒரு பட்டச் சங்கிலி; அதில் சின்ன யானை. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டுவிட்டார். மன்னர் நெஞ்சில் பன்றியைச் சுமக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. முஸ்லிம்கள் அந்தக் காசைத் தொடவே தயங்கினார்கள். அரசாங்கம் அச்சடிப்பை நிறுத்தி, வெளியே போகாதவற்றைப் பெருமளவில் உருக்கிவிட்டு, 1912இல் யாருக்கும் சந்தேகம் வராதபடி தும்பிக்கை வைத்த யானையோடு புதுக் காசு வெளியிட்டது. நாணய வரலாற்றில் ஒரு மிருகத்தின் மூக்குக்காக இவ்வளவு வெள்ளி உருகியது அபூர்வம். பூதக்கண்ணாடியில் பார்த்தால், நியாயமாகச் சொன்னால், ஊர்ப்பேச்சு சரிதான்.

இனி போலிகள். இவற்றில் இரண்டு இனம். ஒன்று, உண்மையான அரிய காசைப் பார்த்துச் செய்தது. இன்னொன்று, உலகத்தில் இருந்தே இராத காசைச் செய்வது. இரண்டாவதற்குத்தான் படைப்பாற்றல் வேண்டும். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818 அல்லது 1717 அல்லது 1616 என்று பொறித்த செப்புக்காசு இந்த இனத்தின் அரசன். கம்பெனி இப்படி ஒரு காசை எந்தக் காலத்திலும் அடிக்கவில்லை. 1616இல் கம்பெனிக்கு வயது பதினாறு. ஜஹாங்கீரின் அரசவையில் வியாபார அனுமதிக்குக் கைகட்டி நின்ற காலம். ராமர் பட்டாபிஷேகத்தைச் செம்பில் அடிக்க அதற்கு அப்போது நேரமும் இல்லை, நோக்கமும் இல்லை.

இந்தக் காசு அரிசியை இழுக்கும் என்று ஒரு கதை உண்டு. இழுக்கும் காசில் இரிடியம் இருக்கிறதாம். அதை விண்வெளி ஆராய்ச்சிக்கு வெளிநாட்டில் கோடிக் கணக்கில் வாங்குகிறார்களாம். கோபுரக் கலசம், செப்புப் பாத்திரம், காசு என்று பொருள் மாறும். கதையும் முன்பணமும் மாறுவதில்லை. அரிசியில் இரும்புத்தூள் கலந்து, காசுக்கு அடியில் காந்தத்தை மறைத்தால் அரிசி நகரும். இரிடியம் என்ற உலோகம் உண்மையிலேயே உண்டு, மிக அரிதானதும்கூட. ஆனால் அரிசியின் மேல் அதற்கு எந்த ஈடுபாடும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, ஏமாந்து போலீசுக்குப் போகிறவர்களில் படித்தவர்களும் வியாபாரிகளும் இருப்பதுதான். செல்லாக் காசு ஒன்று கோடீஸ்வரனாக்கும் என்ற நம்பிக்கைக்குப் பட்டப்படிப்பு ஒரு தடையே இல்லை.

அதே நம்பிக்கையின் கைபேசிப் பதிப்பு, வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகள். 2012இல் அரசாங்கம் வெளியிட்ட சாதாரணப் புழக்கக் காசுகள் இவை. இவற்றுக்கு லட்சக் கணக்கில் தருவதாகச் செய்தி சுற்றுகிறது. தொடர்புகொண்டால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று விற்பவரிடமே பணம் கேட்கிறார்கள். தன் பெயரைப் பயன்படுத்தி இப்படி ஏமாற்றுகிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அதற்கு முன் 2018 ஜனவரியில் அதே வங்கி இன்னொரு அறிக்கை விட வேண்டியிருந்தது. பத்து ரூபாய்க் காசில் பதினான்கு வடிவங்கள் உண்டு, பதினான்கும் செல்லும், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுக் கடைகளில் அதைச் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, ஒரே கையில் இரண்டு பத்து ரூபாய்க் காசு இருந்தால், ஒன்று டீக்கடையில் பத்து ரூபாய்க்கே போகாது. இன்னொன்று பத்து லட்சம் போகும். பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை இன்னும் பாடத்தில் சேர்க்கவில்லை.

உண்மைக் காசு என்று உறுதியானதும் சேகரிப்பாளர் வீட்டில் யாராவது அதைக் கழுவிவிடுவார்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் தேய்க்கும் பொடி, பற்பசை என்று ஆயுதங்கள் பல. நூறு வருடமாகச் செம்பின் மேல் படிந்த பழுப்பு மேற்பூச்சுதான் அந்தக் காசின் சரும அழகு. அதைத் தேய்த்துவிட்டால் காசு பளபளவென்று மின்னும். விலை பாதிக்குக் கீழே போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு எடுத்துத் துணியில் ஒற்றினால் போதும். தேய்க்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது குத்துவிளக்கோடு மருது சகோதரர் காலத்துக் காசும் மின்னத்தான் செய்யும்.

காசைக் கெடுப்பது இங்கே புதிய வழக்கமும் அல்ல. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காகுறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரு பானையில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் வெட்டு. இனி இது காசு அல்ல, வெறும் தங்கம் என்று காட்ட வெட்டியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பிற்காலத்தில் சவரனுக்கு வளையம் பற்றவைத்துக் காசுமாலை கோத்தவர்கள் அதே காரியத்தை நாகரிகமாகச் செய்தார்கள். பற்றவைத்த தடம் உள்ள சவரன் சேகரிப்பாளருக்கு வெறும் தங்கம்தான். ஆனால் இதைக் காசுமாலை போட்டிருப்பவரிடம் கல்யாண வீட்டில் சொல்வது உசிதமல்ல.

விலைக்கு வருவோம். பழசு என்றால் விலை என்பதுதான் ஊர் நம்பிக்கை, அது தவறு. ஆயிரம் வருடம் பழைய ராஜராஜன் செப்புக்காசு, சுமாரான நிலையில், ஓட்டலில் ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். ஏனென்றால் சோழர்கள் ஏராளமாக அடித்தார்கள், மண் ஏராளமாகப் பத்திரப்படுத்தியது. அதே சமயம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் வருடத்து ரூபாய்க்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அதற்குச் சேகரிப்பாளர்கள் மாதச் சம்பளத்தை எடுத்து வைப்பார்கள். அந்த வருடக் காசு மிகக் குறைவாகவே வெளியே வந்தது. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே 1938ஆம் வருடத்துக் காசின் கடைசி எண்ணைத் திருத்தி ஒன்பதாக்கும் கைவினைஞர்கள் தோன்றினார்கள். உலகத்தில் எங்கேயாவது எட்டு ஒன்பதானால் இவ்வளவு லாபம் கிடைக்குமா என்பது சந்தேகமே.

எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை பிழைத்தன என்பதே முக்கியம். இதற்குக் கடலும் ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காமில் அடித்த 1808ஆம் வருடத்துச் செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுவதற்குள்ளேயே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முத்துக்குளிப்பது போன்ற வேலை நடந்து பத்து லட்சத்துக்கு மேல் காசுகள் வெளியே வந்தன. சென்னைக் கடைத்தெருவில் ஒரு நாளும் கை மாறாததால் பல காசுகள் புத்தம் புதிதாக இருந்தன. அதுவரை நல்ல நிலையில் 1808 காசு வைத்திருந்து அதன் அருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது நிலை. தேய்மானத்தை எங்கே பார்ப்பது என்பதில்தான் பேரம் நடக்கிறது. விக்டோரியா ரூபாயில் முதலில் தேய்வது ராணியின் மார்பிலுள்ள ஆடைப்பூ வேலைப்பாடு. பிறகு காதோரக் கூந்தல். பிறகு கிரீடத்து மணிகள். ஜார்ஜ் ரூபாயில் முதல் பலி மேலங்கி யானை. இவை எல்லாம் தெளிவாக இருந்தால் ஒரு விலை. நிழலாகத் தெரிந்தால் கால்வாசி. முகம் மட்டும் மிஞ்சியிருந்தால் வெள்ளி விலை. ஒரே காசு கடைக்காரர் விற்கும்போது ஏறக்குறைய புதுசாகவும், அதே கடைக்காரர் திரும்ப வாங்கும்போது ரொம்பத் தேய்ந்ததாகவும் இருக்கும். இடைப்பட்ட ஆறு மாதம் அது காசு வைக்கும் ஹோல்டருக்குள்ளேயே இருந்தது என்று வாதாடிப் பயனில்லை.

வெள்ளிக்காசுக்கு ஒரு தரை விலை உண்டு. 11.66 கிராம் ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது பத்தே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதற்குக் கீழே யாரும் விற்க மாட்டார்கள். செப்புக்காசுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் அடித்த ஓட்டைக் காலணா இதற்கு எடுத்துக்காட்டு. நடுவில் ஓட்டை இருந்ததால் சிறுவர்கள் அரைஞாணில் கோத்தார்கள், மெக்கானிக்குகள் வாஷராகப் போட்டார்கள். எல்லா வீட்டிலும் நாலைந்து இருக்கிறது. எல்லா வீட்டிலும் அது லட்சம் பெறும் என்று ஒரு சித்தப்பா சொல்லியிருக்கிறார். சந்தையில் ஒரு காபிக் காசு.

உலக நாணயங்களுக்கு க்ராஸ் பட்டியல் என்ற தடித்த புத்தகம் உண்டு. ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண்ணும், நிலைக்கு ஏற்ற விலையும் அதில் இருக்கும். விற்பவர் அதைப் பிரித்து விரல் வைத்துக் காட்டுவார். வாங்குபவர், அது அமெரிக்க டாலர், அமெரிக்கச் சந்தை, பழைய பதிப்பு என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. நடப்பு விலையை அறிய விரும்புகிறவர் ஏல நிறுவனங்களின் முடிவுத் தொகைகளைப் பார்க்க வேண்டும். கேட்ட விலை அல்ல, போன விலைதான் விலை.

சேமித்து வைப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் சில வருடத்தில் பச்சைப் பசையாகக் காசின் மேல் கசியும். மைலார் அட்டை நல்லது. விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கக் கேட்டால் ஓட்டைக் காலணாவைக் கொடுக்கலாம்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொகுப்பை அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தைப் படித்துவிட வேண்டும். நூறு வயதான காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. விமான நிலையத்தில் தாத்தாவின் ஞாபகார்த்தம் என்று சொல்வது வாதமாக எடுபடாது. இந்த நூறு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வருடம் முன்னே நகர்கிறது. பன்றி ரூபாய் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டது. 1939ஆம் வருடத்து ரூபாய் 2039இல் தாண்டும். எட்டைத் திருத்திச் செய்த 1939கள் ஒரு வருடம் முந்திக்கொள்ளும்.